இந்த வார வார்த்தை: அப்ரெய்ஸ்

செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மாவோட செயினை எடுத்துக்கிட்டு பேங்க்குக்குப் போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அங்கே உரைகல்லில் நகையை உரசிப் பார்ப்பவர்தான் அப்ரெய்சர். அவர் செய்யும் வேலை அப்ரெய்ஸ். அதாவது, மதிப்பிடுவது.

22 காரட் என்றால் 91.6 சதவிகிதம் தங்கம். அவருக்கு அதுதான் கணக்கு. பதித்த கல்லின் எடையைக் கழித்துவிடுவார். கடையில் கொடுத்த செய்கூலி, சேதாரம் கணக்கிலேயே வராது. பாட்டி ஆசையாகப் போட்ட செயின் என்பதும்தான்!

வேலைக்குப் போனால் இதே வார்த்தை 'அப்ரெய்சல்' என்று வருஷா வருஷம் வரும். அங்கே உரசிப் பார்ப்பது உங்க வேலையை. இன்க்ரிமென்ட் அதைப் பொறுத்து!

ஒரு உஷார்: ரிசல்ட்டைத் தெரிவிக்கச் சொல்லி ஹெச்.ஆருக்கு மெயில் போடும்போது 'அப்ரெய்ஸ் மீ' என்று எழுதிடாதீங்க. 'என்னை மதிப்பிடுங்க' என்று அர்த்தமாகிடும். தெரிவிப்பதற்கு 'அப்ரைஸ்'. ரெய்யா, ரையா... ஸ்பெல்லிங்கும் வேற, அர்த்தமும் வேற!

கேம்பஸ் இன்டர்வியூவும் ஒரு அப்ரெய்சல்தான். அரை மணி நேரத்தில், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக உரசிப் பார்க்கிறார்கள். செலக்ட் ஆகலையா? எங்கே குறைந்தது என்று பாருங்க. ஆனா, உரைகல்லுக்குத் தங்கம் மட்டும்தான் தெரியும். செயினோட முழுக்கதை தெரியாது!