பதினேழு வயது மேலாளர்கள்

ஹென்றி ஃபயோல் தம் மேலாண்மை நூலை 1916-இல் வெளியிட்டபோது ஏறத்தாழ எழுபத்தைந்து வயதை எட்டியிருந்தார். பிரான்சின் நிலக்கரிச் சுரங்கமொன்றில் இளம் பொறியாளராக 1860-இல் நுழைந்தவர். 1888 முதல் அந்நிறுவனத்துக்கே தலைமையேற்று, மூழ்கவிருந்ததைக் கரைசேர்த்தவர். அரை நூற்றாண்டு அனுபவத்தில் எஞ்சியதைப் பதினான்கு கோட்பாடுகளாக எழுதினார். எழுதும்போதே, இவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, இவை இறுகிய விதிகளும் அல்ல என்று குறித்துவைத்தார். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.பி.ஏ. சேர்ந்த பதினேழு வயதுப் பிள்ளை முதல் பருவத்திலேயே இப்பதினான்கையும் மனப்பாடம் செய்கிறது. பதின்மூன்று எழுதினால் மதிப்பெண் குறையும். பதினைந்தாவதாக ஒன்றைத் தானே யோசித்து எழுதினால் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இளங்கலை வணிக நிர்வாகவியல் இன்று நடத்தப்படும் விதத்தில் அது கல்வியே அல்ல என்று நாங்கள் கருதுகிறோம். வணிகம் இழிவானது என்ற பழைய பண்டிதத்தனத்திலிருந்து இதைச் சொல்லவில்லை. வணிகம் மிகச் சிக்கலான மனிதச் செயல்பாடுகளில் ஒன்று. அதனாலேயே அதைப் பட்டியலாக்கி விற்பது மோசடி என்கிறோம்.

ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிரெடரிக் டெய்லரின் அறிவியல்முறை மேலாண்மை. கைடுகளில் இதற்கு ஒன்றரைப் பக்கம்: பொருள், கூறுகள், நன்மைகள், குறைகள். டெய்லரின் 1911-ஆம் ஆண்டு நூலின் மையத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். பெத்லகேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்தவர். நூலில் ஷ்மிட் என்று பெயர், உண்மைப் பெயர் ஹென்றி நோல். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்துகொண்டிருந்தவரை நாற்பத்தேழரை டன் சுமக்கவைத்தார் டெய்லர். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி அறுபது விழுக்காடு உயர்வு. அத்தோடு, இவ்வேலைக்கு ஏற்றவன் எருதைப் போன்ற மந்தபுத்திக்காரனாக இருக்கவேண்டும் என்ற பொருளிலும் எழுதினார். அவ்வாண்டே வாட்டர்டவுன் படைக்கலத் தொழிற்சாலையில் அவர் முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரித்தது. இத்தனையும் நாடகம்போல் விரியும் வரலாறு. இதைச் சொல்லிக்கொடுத்தால் மாணவன் கேள்வி கேட்பான். நம் கைடில் ஷ்மிட்டும் இல்லை, நோலும் இல்லை. 'தொழிலாளர் எதிர்ப்பு' என்று குறைகளின் கீழ் ஒரு வரி உண்டு.

இக்குறையை முதலில் கண்டவர்கள் நாங்கள் அல்லர். பல்கலைக்கழகத்துக்குள் வணிகப் பள்ளியை 1881-இல் வார்ட்டன் வழியே கொண்டுவந்த அமெரிக்காவிலேயே, 1959-இல் இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. ஒன்று ஃபோர்டு அறக்கட்டளை ஆதரவில் கார்டனும் ஹொவலும் எழுதியது, மற்றது கார்னகி நிறுவனத்துக்காக பியர்சன் எழுதியது. இளங்கலை வணிகக் கல்வி மேம்போக்கானது, அளவுக்கு மீறித் துண்டாடப்பட்டது என்று இரண்டுமே சாடின. பாடத்தின் பெரும்பங்கு மொழி, வரலாறு, அறிவியல் போன்ற பொதுக்கல்வியாக இருக்கவேண்டும் என்றன. அடுத்த இரண்டாண்டுகளில், 1961-இல், இந்தியா கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.களைத் தொடங்கியபோது அவை பட்டம் பெற்றவர்களுக்கான நிறுவனங்களாகவே அமைந்தன. அரை நூற்றாண்டு கழித்து இந்தூர் ஐ.ஐ.எம். 2011-இல் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கென ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கியது. அதன் முதல் மூன்றாண்டுகளில் என்ன கற்பிக்கிறார்கள்? கணிதம், புள்ளியியல், பொருளியல், சமூகவியல், அரசியல், இலக்கியம்.

இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. பல இலட்சம் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு மேலாண்மை என்றால் அரசியலும் இலக்கியமும் சேர்ந்தது. தாலுகா தலைநகரத்துச் சுயநிதிக் கல்லூரியில், நகையை அடகுவைத்துச் சேர்ந்த பிள்ளைக்கு மேலாண்மை என்றால் அலுவல் கடிதத்தின் எட்டுப் பகுதிகள். மொழிப்பாடத்தையும்கூட இவர்களுக்கு நாம் சிக்கனமாகவே அளந்தோம். பி.ஏ., பி.எஸ்ஸி. மாணவர் இரண்டாண்டு தமிழ் படிக்க, பி.பி.ஏ., பி.காம். மாணவருக்குப் பல பல்கலைக்கழகங்களில் அது நெடுங்காலம் முதலாண்டோடு முடிந்துவிட்டது. 2022-இல்தான் இரண்டாமாண்டுக்கும் நீட்டிக்குமாறு அரசு பணித்தது. 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்து மாதிரிப் பாடத்திட்டமும் வந்தாயிற்று. தாள்களின் பெயர்கள் மிடுக்காகியிருக்கின்றன. நகலகத்தில் தொங்கும் நோட்ஸ் மட்டும் அப்படியே தொங்குகிறது.

"முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பில் மண்ணைப் போடாதீர்கள்" என்று அன்பர்கள் சொல்லக்கூடும். நியாயமான சினம். எங்களில் இருவர் அப்படி வந்தவர்களே. ஆனால் அந்த வேலை எது? எங்களுக்குத் தெரிந்த பி.பி.ஏ. பட்டதாரிகளில் பலர் இருசக்கர வாகனக் கடனின் தவணை வசூலிக்க வீடுவீடாகப் போகிறார்கள். மாதாந்திர இலக்கு எட்டாவிட்டால் சம்பளப் பிடித்தம். மேலாளுவதற்கான சொற்களைக் கற்றுக்கொண்டு மேலாளப்படுகிறவர்கள். தம்மை அளக்கும் அந்த இலக்கு டெய்லரின் நிறுத்தற்கடிகாரத்துக்கு உறவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபயோல்கூட மேலாண்மையைப் பள்ளியிலிருந்தே கற்பிக்கச் சொன்னாரே என்றால், ஆம், சொன்னார். விடைத்தாளில் ஒப்பிக்கச் சொன்னதாக எங்களுக்குத் தெரியவில்லை.

பழி முழுவதும் கல்லூரிகளின்மேல் அல்ல. தமிழ் இலக்கியவாதிகளாகிய நாமும் வணிகத்தைக் கண்டால் மூக்கைச் சுளிப்பவர்கள். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்து, ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பயிற்சிமுறை எந்த மேலாண்மைப் பள்ளிக்கும் குறைந்ததல்ல. அதைப்பற்றிய விரிவான ஆய்வை டேவிட் ருட்னர் என்ற அமெரிக்கர்தான் 1994-இல் எழுதினார். அதே முறையின் மறுபக்கமும் பாடம்தான். 1930-இன் பொருளாதாரப் பெருமந்தத்துக்குப்பின், கடனைத் திருப்பமுடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறி, 1938-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. அது எவ்வளவு பெரிய சொத்தோ அவ்வளவு பெரிய பகையுமாயிற்று. போரும் பின்வந்த தேசியமயமும் மிச்சத்தைத் துடைத்தன. இடர் மேலாண்மை என்ற தாளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறேது? வட்டிக்கடை உலகை உள்ளிருந்து அறிந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை நாம் இலக்கியக் கூட்டங்களில் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு திருப்பூரில் எங்கள் நண்பர் வீட்டுக்கு வந்த ஒரு பி.பி.ஏ. மாணவியுடன் பேசிக்கொண்டிருந்தோம். சிகாகோவுக்கு அருகே ஹாத்தார்ன் ஆலையில் விளக்கொளியைக் கூட்டிக் குறைத்துச் செய்த சோதனையைத் தடங்கலின்றிச் சொன்னார். அந்தத் தரவுகளை லெவிட், லிஸ்ட் என்ற இருவர் 2011-இல் மறுபடி ஆய்ந்து, புகழ்பெற்ற அந்த விளைவுக்கு வலுவான சான்றில்லை என்று எழுதியதை அறிந்திருக்கவில்லை, அவர் குற்றமல்ல. அதே 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மாணவியின் தந்தை அப்படி மூடப்பட்ட பட்டறையொன்றில் வேலைசெய்தவர். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது, கீழ்ப்பகுதி உழவர்கள் வழக்காடியது, சொட்டுக் கழிவும் ஆற்றில் விடாத சுத்திகரிப்புக்கு ஆன செலவு, அதைத் தாங்கமுடியாத சிறுமுதலாளி, ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நகர்ந்த சாயவேலை என ஒரு முழுப் பருவத்துக்கான பாடம் அவர் வீட்டு வாசலில் கிடக்கிறது. "இதெல்லாம் சிலபஸ்ல இல்லீங்க" என்றார்.

சேர்க்கவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஆறு பருவங்களில் ஒரே ஒரு தாள் போதும், தொடக்கத்துக்கு. மாணவர் தம் ஊரின் ஒரு தொழிலை எடுத்து, அதன் கணக்கையும் கூலியையும் கழிவையும் கடனையும் விசாரித்துத் தமிழில் எழுதட்டும். கூடவே எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யைப் படிக்கக் கொடுக்கலாம். பனியன் நகரில் பணம் ஒரு தலைமுறையை என்ன செய்தது என்பது அதில் இருக்கிறது. இத்தாளுக்கு நோட்ஸ் போடமுடியாது என்று ஒரு பேராசிரியர் எங்களிடம் வருத்தப்பட்டார்.