கொடிக்குப் போட்டியாக ஓர் ஈஸ்ட்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கருநீலத் தோலில் ரெஸ்வெரட்ரால் என்றொரு பொருள் உண்டு. பூஞ்சை தாக்கும்போது கொடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது. இதயத்துக்கு நல்லதென்று அதை மாத்திரையாக விற்கிறார்கள். மனிதர்களிடம் அந்தப் பலன் இன்னும் உறுதிப்படவில்லை. அதே பொருளைத் தாவர மரபணு புகுத்திய ஈஸ்ட், தொட்டியில் சர்க்கரையைத் தின்றே சுரந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் எவோல்வா நிறுவனம் இதை வணிகமாகவே செய்தது.

அந்தப் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தல் விவசாயி இதற்கு அஞ்ச வேண்டாம். அவர் விற்பது பழம். மணமும் புளிப்பும் சேர்ந்த பழத்தை எந்த ஈஸ்ட்டும் தராது.

என் கவலையெல்லாம் பழனி மலைக்கு அந்தப் பக்கம், ஒட்டன்சத்திரத்துக் கண்வலிக்கிழங்கு விவசாயியைப் பற்றியது. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தடவி அவர் எடுக்கும் விதையை, பெரும்பாலும் கோல்சிசின் என்ற பொருளுக்காகத்தான் வாங்குகிறார்கள். யூரிக் அமில மூட்டுவலிக்கான மருந்து அது. 2023-இல் அமெரிக்காவில் இதய நோய்க்கும் அனுமதி பெற்றது. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் செங்காந்தளின் மரபணுக்களைக் கண்டறிந்து, புகையிலை இனச் செடியொன்றில் கோல்சிசினுக்கு முந்தைய பொருளை உண்டாக்கிக் காட்டினார்கள். தொட்டிக்கு இன்னும் தூரம் இருக்கிறது, பாதை தெரிந்துவிட்டது.

வயலுக்கும் தொட்டிக்குமான போட்டியை மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினில் பார்த்தோம். சனோஃபி நிறுவனம் ஈஸ்ட் வழியில் தயாரித்தது. வயலில் விளைந்தது அதைவிட மலிவாகக் கிடைத்ததால் ஆலையையே விற்றுவிட்டது. வயல் வென்றது என்கிறார்கள். விலை சரிந்ததால் வந்த வெற்றி அது; சரிவைத் தாங்கியவர் விவசாயி.

செங்காந்தள் விதையை வெளிநாட்டார் ஆய்வுக்குப் பெற நம் 2002 பல்லுயிர்ச் சட்டம் அனுமதி கேட்கிறது. மரபணு வரிசையோ கணினிக் கோப்பாகவே எல்லை தாண்டுகிறது. அத்தகைய வரிசைகளைக் கொண்டு லாபம் காணும் நிறுவனங்கள் பொது நிதிக்குப் பங்களிக்க வேண்டுமென 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு முடிவெடுத்தது. ஆனால் கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்க இந்தியா வாதாட வேண்டும். அதே ஆண்டு உயிரி உற்பத்திக்காக ஒன்றிய அரசு அறிவித்த பயோஇ3 கொள்கையின் கீழ், ஈஸ்ட் வளர்க்கும் நொதிக்கலன் ஆய்வு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கும் வரட்டும். கண்வலிக்கிழங்கு விவசாயிக்கு மாற்றுப்பயிர் சொல்லும் வேலையும் அங்கேயே, விலை விழும் முன்பே, தொடங்கட்டும்.