சபிப்பதை விட்டுத் தட்டச்சுக்கு வருவோம்

செயற்கை நுண்ணறிவு எழுத்தாளனை ஒழித்துவிடும் என்பது நமது இலக்கியக் கூட்டங்களின் பல்லவியாகிவிட்டது. கிராமத்துப் பாடசாலை ஆசிரியனான எனக்கு இந்தப் புலம்பலில் உடன்பாடில்லை. நம்மை அது மிகக் கொஞ்சமே அறியும் என்பதுதான் எனது கவலை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இத்தகைய இயந்திரங்கள் எழுத்தைத் துண்டுகளாக நறுக்கியே வாசிக்கின்றன. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டு. தமிழ்ச் சொல்லோ பல துண்டு. தொழிலுக்கு இவற்றைப் பயன்படுத்துவோரிடம் துண்டுக் கணக்கிலேயே கட்டணம் அறவிடப்படுகிறது. எனது மாணவன் நாளை தமிழில் ஒரு செயலி செய்ய முனைந்தால், அவனுக்கு முதலே கூடுதலாகத் தேவைப்படும். பின்வந்த இயந்திரங்களில் இந்த இடைவெளி குறைந்தது, மறையவில்லை. அவை கற்ற எழுத்தில் ஆங்கிலம் பெருவெள்ளம், தமிழ் வாய்க்கால். அந்த வாய்க்காலில் நமது தமிழ் எத்தனை துளி?

1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய சித்திலெவ்வை அச்சுப்பொறியைச் சபிக்கவில்லை, அதைக் கையிலெடுத்தார். நாமோ முதற்பிரதியைப் பிரமுகருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அலுமாரியில் அடுக்குகிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பழைய ஏடுகளை இணையத்தில் சேர்ப்பது பெரும்பணி. ஆனால் பக்கத்தின் படம் வேறு, எழுத்து வேறு. படத்தை எழுத்தாக்கிப் பிழைதிருத்த மொழி தெரிந்தவர் வேண்டும்.

"கம்பனிகள் நமது உழைப்பை இலவசமாக விழுங்குமே" என்பது நியாயமான கேள்வி. நிபந்தனை விதிப்போம், விலையும் கேட்போம். அலுமாரியில் செல்லரிக்கும் நூலுக்கு யாரிடம் விலை கேட்பது?

ஒவ்வோர் ஊர் எழுத்தாளர் வட்டமும் வருடத்துக்கு ஒரு பழைய நூலையாவது தட்டச்சேற்றட்டும். அதுவும் முடியாதெனில் புலம்பலையாவது நிறுத்துவோம்.