சக்கர நாற்காலியும் சாய்தளமும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ஆம் திகதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். 1992இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை பிரகடனம் செய்த நாள் அது. எமது திருகோணமலையிலும் விழாக்கள் நடக்கின்றன. பதாகை கட்டப்படுகிறது. பிரதம அதிதிக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. சில சக்கர நாற்காலிகள் கையளிக்கப்படுகின்றன. பின்னர் வெளியாகும் படத்தின் கீழே கொடுத்தவரின் பெயரும் பதவியும் இருக்கும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பெயர் பெரும்பாலும் இராது.

உதவி செய்வதை நான் குறை கூறவில்லை. நாற்காலி இல்லாதவருக்கு நாற்காலி வேண்டும். அரசறிவியல் படிக்கும் மாணவி என்ற வகையில் எனக்குள் எழும் கேள்வி வேறு. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ தோப்பூரிலிருந்தோ அந்த நாற்காலியில் துறைமுகப் பட்டினத்துக்கு வருபவர், இங்குள்ள அலுவலகங்களின் படிகளை எப்படி ஏறுவார்? பஸ்ஸில் எப்படி வருவார்? நாற்காலியை ஒருவர் தம் கையால் கொடுத்துவிடலாம். சாய்தளத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும், பாதீட்டில் ஒதுக்கீடு வேண்டும், விடாமல் கேட்கும் அமைப்பு ஒன்றும் வேண்டும். நாற்காலியைக் கொடுத்து, சாய்தளம் கேட்கும் குரலை அடக்கிவிட முடியும். அதிகாரத்தில் உள்ளவர்களின் பணம் மாற்றுத்திறனாளிகளின் இயக்கங்களுக்குள் நுழையும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. அரச வேலைகளில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் செல்ல வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோ ஒரு வகை இயலாமையுடன் வாழ்கின்றனர். யுத்தமும் கண்ணிவெடியும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட எமது மாவட்டத்துக்கு இது வெறும் எண் அல்ல.

அந்த ஒழுங்குவிதிகளுக்கு உயிர் கொடுத்தவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்த அவர், 1992இல் தமது காரின் மீது மரம் விழுந்ததில் நடக்கும் ஆற்றலை இழந்தார். யாரிடமும் நாற்காலி கேட்டு மேடை ஏறாமல் உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் பயன்படுத்தக்கூடிய மலசலகூடமும் கட்டாயம் என்ற உத்தரவை 2011 ஏப்ரல் 27இல் பெற்றார். எந்த அரசியல்வாதிக்கும் அவர் கடன்பட்டிருக்கவில்லை. அதனால் எவருக்கும் எதிராக அவரால் வழக்காட முடிந்தது.

எல்லோருக்கும் அந்தச் சுதந்திரம் கிடைப்பதில்லை. எங்கள் சாச்சா யுத்த காலத்தில் ஒரு காலை இழந்தவர். அவரைப் போன்ற சிலர் சேர்ந்து சிறிய சங்கம் ஒன்றை நடத்துகிறார்கள். ஓர் அலுவலகத்தில் சாய்தளம் அமைக்கும்படி கடிதம் எழுதத் தீர்மானித்திருந்தார்கள். அந்த வேளையில் ஓர் அரசியல் பிரமுகரின் பக்கத்திலிருந்து முச்சக்கர சைக்கிள்களும் சங்கக் கட்டடத்துக்குக் கூரைத் தகடுகளும் வந்தன. கடிதம் கிடப்பில் போடப்பட்டது. ஏன் என்று சாச்சாவிடம் கேட்டேன்.

“யாரும் எங்கள வாய மூடச் சொல்லல்ல மகள். எங்களுக்கே வெக்கமா இருந்திச்சி. தந்த மனிசன்ட முகத்தப் பாத்து எப்பிடிக் கேக்கிற?” என்றார்.

மிரட்டலும் இல்லை, இலஞ்சமும் இல்லை. நன்றிக்கடன் ஒன்றே போதுமாக இருந்தது. ஆனால் அந்த நன்றி யாருக்கு உரியது? 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசில் அவரது பகுதிக்குச் செலவிடப்படும் அந்த நிதி மக்களின் வரிப்பணம். சீனி வாங்கும்போதும் தொலைபேசிக்கு மீள்நிரப்பும்போதும் சாச்சாவும் வரி கட்டுகிறார். அவர் கட்டிய வரி, இன்னொருவரின் பெயர் பொறித்த பலகையுடன் அவரிடமே அன்பளிப்பாகத் திரும்பி வருகிறது. அதற்கு அவர் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்தல் செலவை ஒழுங்குபடுத்த 2023இல் 3ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது தேர்தல் காலத்துக்கு உரியது. மற்றக் காலங்களில் வரும் கூரைத் தகடுகளைப் பற்றி நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய நோயல்ல. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், ராஜ்கோட்டில், 2017 ஜூன் 29 அன்று பிரதமர் கலந்துகொண்ட பெருவிழாவில் ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணங்கள் வழங்கப்பட்டன. அதற்கு இரண்டு நாட்களின் பின், ஜூலை 1 அன்று, பொருட்கள் சேவைகள் வரி நடைமுறைக்கு வந்தது. அதுவரை வரிவிலக்குப் பெற்றிருந்த சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் தாளுக்கும் 5 வீத வரி விழுந்தது. உள்நாட்டு உற்பத்தியாளருக்கு இது நன்மை என்றது அரசு. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மேடையைப் பார்த்துக் கைதட்டியதோடு அவை நின்றிருந்தால் அந்த எதிர்ப்பு எழுந்திருக்காது. லண்டனில் 2012இல் நடந்த பராலிம்பிக் போட்டிகளுக்கு அனுசரணை வழங்கிய நிறுவனங்களில் அட்டோஸும் ஒன்று. மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யத் தகுதியானவர்களா என்று அரசுக்காகச் சோதித்து வந்ததும் அதே நிறுவனம்தான். அந்தச் சோதனைகளால் பலர் கொடுப்பனவை இழந்தனர். அனுசரணைப் பணத்தின் பளபளப்பில் மயங்காத மாற்றுத்திறனாளிகள் அந்நிறுவனத்துக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள்.

“அப்படியானால் அரசியலை விட்டு விலகியே இருக்க வேண்டுமா?” என்று கேட்கலாம். வேண்டியதில்லை. 2024இல் சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் மூலம் எமது பாராளுமன்றத்தின் முதலாவது பார்வையற்ற உறுப்பினரானார். தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றுத்திறனாளிகளை நியமிக்கும் திருத்தங்கள் 2025 ஏப்ரலில் நிறைவேறின. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் பட்டியலில் பெயரை எழுதுவதும் நியமனம் வழங்குவதும் கட்சியின் அல்லது அரசின் கையிலேயே இருக்கின்றன. உள்ளே சென்றவர் துணிந்து பேச வேண்டுமானால், வெளியே கடன்படாத சங்கங்கள் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

நாம் சிறு வயதில் மத்ரஸாவில் கேட்ட ஒரு நிகழ்வு இங்கே நினைவுக்கு வருகிறது. குறைஷித் தலைவர்களுடன் நபியவர்கள் (ஸல்) பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அறிவு தேடி வந்தார். செல்வாக்குள்ளவர்களுக்காக அவரைப் பின்தள்ளலாகாது என்பதை ‘அபஸ’ அத்தியாயம் உணர்த்தியது. பின்னர் அவர் மதீனாவில் பாங்கு சொல்பவரானார். நபியவர்கள் பயணம் சென்ற வேளைகளில் நகரின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சொல்வதற்குச் செவி கிடைத்தது, பொறுப்பும் கிடைத்தது. எமது மேடைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த இரண்டும் எப்போது கிடைக்கும்?

சங்கங்கள் பணத்தையே தொடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வறுமையில் இருப்பவரிடம் அப்படிச் சொல்வது நியாயமில்லை. பணம் வாங்கும் முறையில் சில கட்டுப்பாடுகள் இருக்கலாம். அரச நிதி எந்தத் திணைக்களத்தின், எந்த ஒதுக்கீட்டின் பணம் என்று எழுத்தில் பெறப்பட வேண்டும். நன்றிப் பலகையில் தனிநபர் பெயர் வேண்டாம். கணக்கு ஒவ்வோர் ஆண்டும் எல்லா உறுப்பினர் முன்னிலையிலும் வாசிக்கப்பட வேண்டும். மாதம் 20 ரூபாயானாலும் உறுப்பினர் சந்தா இருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கிய கடிதத்தாளில் எதையும் எழுதலாம். அன்பளிப்பு வாங்கும் நாளிலேயே கோரிக்கைக் கடிதமும் கையளிக்கப்பட வேண்டும். சாச்சாவுக்கு வந்த வெட்கம் பிறகு எவருக்கும் வராது.

சகோதரிகளே, பெற்றோரே, எமக்கும் வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரஜைக்கும் கேள்வி கேட்க வழி தந்திருக்கிறது. உங்கள் பிரதேசத்திலுள்ள அலுவலகங்களில் எத்தனைக்குச் சாய்தளம் உண்டு, அதற்கென இவ்வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று பெற்றோர் ஒருவர் ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும், பதில் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை. எமது கல்லூரி மண்டபத்துக்கு ஏறும் படிகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்களோடு படிக்க வேண்டிய எத்தனை பிள்ளைகள் அந்தப் படிகளால் வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அடுத்த டிசம்பர் 3இல் நாற்காலி தருபவருக்கு நன்றி சொல்வோம். அந்த மேடையிலேயே, அவர் கையிலேயே, சாய்தளம் எப்போது என்று கேட்கும் கடிதத்தையும் கொடுப்போம்.