பறிபோன சலுகையும் பரப்பப்பட்ட பழியும்

மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு என வழங்கப்பட்டுவந்த இரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பெருந்தொற்று ஓய்ந்த பின்னரும் அது மீளவில்லை. முதியோரின் இவ்விழப்பை எத்தனை தொலைக்காட்சிகள் இரவு விவாதமாக்கின?

அதே மார்ச் இறுதியில், தப்லீக் ஜமாஅத்தினரை நோய் பரப்பியோராகச் சித்திரிக்க அவற்றுக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்ததென 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு சுட்டியது. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளையும் ரத்துசெய்தது. பழி பரவிய வேகத்தில் தீர்ப்பு பரவியதா?

சகோதரர்களே! தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது திருக்குர்ஆன் (49:6). நாமோ தேநீர்க் கடையில் முணுமுணுத்துவிட்டு, வீட்டில் அதே அலைவரிசையை ஓடவிடுகிறோம். முணுமுணுப்பு போதாது. சலுகையை மீட்கக் கோரி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவோம்; பழி பரப்பும் அலைவரிசையை இன்றே நிறுத்துவோம்.