மகதலா மரியாவுக்கு யார் சூட்டிய பெயர்?

மகதலா மரியா என்றதும் பலருக்கும் நினைவில் வருபவள், கூந்தல் அவிழ்ந்து, கண்ணீர் வழிய நிற்கும் மனந்திரும்பிய விலைமகள். பிரசங்கமும் ஓவியமும் சினிமாவும் பதித்த உருவம் அது. நான்கு நற்செய்திகளில் எதிலும் அவரைப் பற்றி அப்படி ஒரு சொல் இல்லை.

லூக்கா 7-இல் இயேசுவின் கால்களைக் கண்ணீரால் நனைத்தவள் அவர்தானே என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு லூக்கா பெயரே தரவில்லை. பாவி என்கிறார், என்ன பாவம் என்று சொல்லவில்லை. (பெண்ணைப் பாவி என்றால் நம் புத்தி ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறது.) மரியா அடுத்த அதிகாரத்தில்தான், ஊரும் பெயருமாக, புதியவராக வருகிறார். யோவன்னா, சூசன்னா முதலியோருடன் சேர்ந்து, தம் கையிலிருந்ததைக் கொண்டு இயேசுவின் குழுவுக்கு உதவியவர் அவர்.

யோவான் 12-இல் தைலம் பூசியவளும் மரியாதானே? ஆம், பெத்தானியா மரியா, லாசரின் சகோதரி. அது எருசலேமை ஒட்டிய ஊர். மகதலாவோ கலிலேயாக் கடலோரம். அக்காலத்து யூதர்களிடையே தெருவுக்கு நாலு மரியாக்கள் இருந்தார்கள்.

மகதலா மரியாவிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கினவே என்பது அடுத்த வாதம். கெரசேனர் பகுதியில் ஒருவனுக்குள் ஒரு பேய்ப்படையே இருந்தது. அவனை யாராவது காமுகன் என்றார்களா?

திருச்சபை மரபு என்ற வாதமும் பாதிதான் சரி. மூன்று பெண்களையும் ஒருத்தியாக்கி, ஏழு பேய்களுக்கும் தீய குணங்கள் என்று பொருள் சொன்னது, போப் முதலாம் கிரகோரி 591 வாக்கில் ஆற்றிய மறையுரை. மேற்கு அதைப் பிடித்துக்கொண்டது. கிழக்குத் திருச்சபைகள் மூவரையும் தனித்தனியாகவே வைத்திருந்தன. அந்தப் பெயரின் நிழல் நீண்டது. ‘வழிதவறியவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களை அடைத்து வேலை வாங்கிய அயர்லாந்துச் சலவைக்கூடங்களுக்கு மகதலேன் பெயர்தான். கடைசிக்கூடம் மூடப்பட்டது 1996-இல்.

பாவிக்கு ஆறுதல் தரும் கதையைப் பறிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, பெயர் தெரியாத அந்தப் பெண் இருக்கிறாளே! இந்தக் கலப்பில் மறைந்துபோனது வேறு. உயிர்த்த இயேசுவை முதலில் கண்டவர், சீடர்களிடம் போய்ச் சொல் என்று அனுப்பப்பட்டவர் மகதலா மரியா என்கிறது யோவான் 20. மூன்று முறை மறுதலித்த பேதுருவை நாம் மறுதலித்தவர் என்றா அழைக்கிறோம்?

கத்தோலிக்கத் திருச்சபை 1969-இல் இந்தக் கலப்பை விட்டு நாட்காட்டியைத் திருத்தியது. 2016-இல் மகதலா மரியாவின் நினைவுநாளைத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தியது. ஜூலை 22 திருப்பலியில் முன்பெல்லாம் லூக்கா 7 வாசிக்கப்பட்டது. இப்போது வாசிக்கப்படுவது யோவான் 20.