அது வெறும் சத்தம் இல்லீங்க

"தலைவலிக்குது, நிறுத்துடா" என்று பிள்ளைகளை அதட்டும் பெற்றோருக்குத்தான் இந்தப் பதிவு.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 1986 மார்ச்சில் வந்த ஆல்பம். எட்டே பாட்டு, சுமார் 55 நிமிடம். டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறினால் சிஎஸ்எம்டி வருவதற்குள் முடிந்துவிடும். இன்றும் கேட்கிறேன்.

தலைப்புப் பாட்டில் பேசுவது யார் தெரியுமா? போதைமருந்து! சிக்கியவனைக் கயிறு கட்டிப் பொம்மையாக ஆட்டுகிறது. பிள்ளை கெட்டுவிடுவானோ என்று நாம் பயப்படுகிற அதே விஷயத்தைத்தான் அவர்களும் எச்சரிக்கிறார்கள். கிரெடிட் கார்டு கடனில் மாட்டியவர்களை வங்கியில் தினமும் பார்க்கிற எனக்கு அந்தக் கயிறு நன்றாகவே புரிகிறது.

நடுவில் வேகம் அடங்கி கிடார் உருகும் இடம், மாட்டுங்கா சபாக் காதுகளுக்கும் பிடிக்கும். 2022ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்ததும் புதுத் தலைமுறையும் இதைத் தேடிப் பிடித்தது.

அதட்டுவதற்கு முன் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்களேன். போதையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.